சர்க்கரை இரண்டு கப், துண்டுகள் எத்தனை?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வீட்டில் கேக், பிஸ்கட் இருக்கும்போது வாயைக் கட்டுவது எப்படி என்று சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். மனக்கட்டுப்பாடு, மூச்சுப் பயிற்சி, ஆசை வந்தால் ஒரு டம்ளர் தண்ணீர் என்று நிறைய யோசனைகள். சரி, நல்லதுதான். அப்புறம் நாலு பக்கம் தள்ளினால் அதே இதழில் வெண்ணெய் கேக் செய்முறை. ‘மைதா 2 கப், சர்க்கரை 2 கப்’ என்று போட்டிருக்கிறீர்கள். எத்தனை பேருக்கு, எத்தனை துண்டு என்ற பேச்சே இல்லை.

ஒரு கப் சர்க்கரை ஏறக்குறைய 200 கிராம். இரண்டு கப்புக்கு 400. கேக்கை 16 துண்டாக வெட்டினால் ஒரு துண்டில் மட்டும் 25 கிராம் சர்க்கரை. ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டி, ஒரு நாளுக்கே ஏறக்குறைய 25 கிராமுக்குள் சர்க்கரையை நிறுத்தச் சொல்கிறது. ஒரு துண்டு கேக்கிலேயே அன்றைய கணக்கு ஏறக்குறைய முடிந்துவிடுகிறது. காலையில் குடித்த காபியை எதில் எழுதுவது?

அதுவும் நாம் துண்டாகச் சாப்பிட்டால்தான் இந்தக் கணக்கு. எங்கள் வீட்டில் கேக்கை யாரும் சாப்பிடுவதே இல்லை, கேட்டுப் பாருங்கள். என் கணவர் கத்தியோடு போய், “ஓரம் கோணலா இருக்கு, நேராக்குறேன்” என்பார். அவர் நேராக்கியதில் மறுபக்கம் கோணிக்கொள்ளும். அதை மகன் வந்து நேராக்குவான். தட்டில் உதிர்ந்த தூளை வீணாக்கக் கூடாது என்று நான் விரலால் ஒற்றி எடுப்பேன். சாயங்காலம் பார்த்தால் பாதி கேக்கைக் காணோம். தட்டு எடுத்து உட்கார்ந்து தின்றவர் என்று ஒருவரும் இல்லை.

இதில் மாட்டிக்கொள்பவர் என் மாமனார். அவருக்குச் சர்க்கரை வியாதி. வெண்ணெயும் வெனிலாவும் வீடு முழுக்க மணக்க ஓவனைத் திறப்போம், ஆறட்டும் என்று ஹால் மேசையில் அவர் கண்ணெதிரே வைப்போம், வைத்துவிட்டு “மாமா, நீங்க மட்டும் பாத்து இருங்க” என்போம். மனக்கட்டுப்பாடு வேண்டியது யாருக்கு? நாட்டில் 10 கோடிப் பேருக்கு மேல் நீரிழிவு இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவோடு நடந்த ஆய்வு 2023இல் சொன்னது. அப்படியானால் எத்தனை வீட்டு ஹாலில் இப்படி ஒரு மாமா உட்கார்ந்திருப்பார்! கட்டுரை அவரிடம் மட்டும் பேசுகிறது. கேக் செய்கிறவரிடமும் பெட்டி பெட்டியாக வாங்கி வருகிறவரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

‘கோதுமை மாவு, நாட்டுச் சர்க்கரை போட்டுச் செய்தேன், பயப்படாமல் சாப்பிடலாம்’ என்ற சமாதானத்தையும் கட்டுரையாளர் தொடவில்லை. எனக்குத் தெரிந்து வீடுகளில் அதிகம் ஏமாற்றுவது இதுதான். கோதுமையில் கொஞ்சம் நார்ச்சத்து சேரும், உண்மை. ஆனால் நாட்டுச் சர்க்கரையும் ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றத்தான் செய்யும். நல்ல பொருள் என்ற தைரியத்தில் இரண்டு துண்டு கூடுதலாக உள்ளே போவதுதான் மிச்சம்.

நான் கண்டவரையில் உதவுவது அளவைக் குறைப்பது. இப்போதெல்லாம் ஆறு அங்குல டின் பாத்திரக் கடையிலேயே கிடைக்கிறது. செய்முறையில் பாதி போட்டு அதில் செய்தால், வீட்டில் ஆளுக்கு ஒரு துண்டு, பக்கத்து வீட்டுக்கு நாலு, அன்றோடு தீர்ந்தது. வெண்ணெய் கேக்கில் சர்க்கரையைக் கால் பங்கு குறைத்தாலும் கேக் கெட்டுப்போகாது. நிறம் சற்று வெளிறும், ஈரப்பதம் கொஞ்சம் குறையும், அவ்வளவே. தூத்துக்குடி மக்ரூனில் இந்த வேலை நடக்காது. முட்டை வெள்ளைக்கரு, சர்க்கரை, முந்திரி, இவ்வளவுதான் அதில் உள்ளதே. சர்க்கரையைக் குறைத்தால் அடித்த நுரை நிற்காது. அதை ஒன்றே ஒன்று, முழுதாக ரசித்துத் தின்றுவிட்டுப் பெட்டியை வந்தவர்களிடம் நீட்டிவிட வேண்டியதுதான்.

மிஞ்சினால் துண்டு துண்டாக இறுக்கிச் சுற்றி ஃப்ரீசரில் வைக்கலாம். கீழ்த்தட்டில் வைத்தால் வறண்டுபோகும். ஃப்ரீசரிலிருந்து எடுத்தது இளக அரை மணி நேரமாவது ஆகும். அதற்குள் பாதி ஆசை தானாக அடங்கிவிடுகிறது. ஓரத்தை நேராக்கவும் வழியில்லை, கத்தி இறங்காது.

பேக்கரிப் பெட்டியோடு வரும் விருந்தாளிகளை என்ன செய்வது என்று எனக்கும் தெரியவில்லை. சர்க்கரை வியாதிக்காரரை நலம் விசாரிக்க வருகிறவர்களே தேன் கேக் வாங்கி வருகிறார்கள். முகத்தில் அடித்தாற்போல் வேண்டாம் என்று சொல்ல முடியுமா?

அடுத்து கிறிஸ்துமஸ் சிறப்பிதழ் வரும், அதில் பிளம் கேக் செய்முறை இல்லாமல் இருக்காது. அதன் கீழே எத்தனை அங்குல டின், எத்தனை துண்டு, துண்டுக்கு எத்தனை கிராம் சர்க்கரை என்று மூன்று வரி சேர்த்து அச்சிடுங்கள். இடம் போதாதென்றால் கேக் படத்தைக் கொஞ்சம் சின்னதாகப் போட்டால் போயிற்று.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பாளையங்கோட்டை