உப்பைத் திருப்பித் தந்தவர்களுக்கு: நொய்யல் கரையிலிருந்து ஒரு நன்றி மடல்

பெருமதிப்பிற்குரியவர்களுக்கு,

வணக்கம். திருப்பூரில் சாயக்கழிவைப் பல பட்டறைகள் சேர்ந்து சுத்திகரிக்கும் பொதுச் சுத்திகரிப்பு நிலையம் ஒன்றின் பங்குதாரர்களாக இருக்கும் சாயப்பட்டறைகள் சேர்ந்து எழுதும் மடல் இது.

முதல் நன்றி எங்கள் மேல் வழக்குப் போட்டவர்களுக்கு. நொய்யல் ஆயக்கட்டு விவசாயிகளே, உங்கள் வயலுக்குப் பாய வேண்டிய ஒரத்துப்பாளையம் அணைத் தண்ணீரைச் சாயத்தண்ணியாக மாற்றியவர்கள் நாங்கள். சொட்டுக் கழிவுகூட ஆற்றுக்குப் போகக் கூடாது என்று 2006 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. சொன்னபடி நடக்காததால் 2011 ஜனவரி 28 அன்று எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகளை மூடச் சொன்னது. அன்றைக்கு உங்களைத் திட்டாத பட்டறை ஊரில் கிடையாது. ஆனால் அந்த நெருக்கடி வந்திருக்காவிட்டால் கீழே எழுதியிருக்கும் எதையும் யாரும் செய்து பார்த்திருக்க மாட்டார்கள்.

நீங்கள் சாயம், சாயம் என்று சொன்னாலும் உங்கள் பயிரைக் கருக்கியது பெரும்பாலும் உப்புதான். நிறம் கண்ணுக்குத் தெரியும், உப்பு தெரியாது. பருத்திக்கு நாங்கள் போடும் ரியாக்டிவ் சாயத்துக்கும் பருத்திக்கும் தண்ணீருக்குள் ஒரே மின்னூட்டம், ஒன்றையொன்று தள்ளும். அந்தத் தள்ளலை அடக்கிச் சாயத்தை நூலோடு ஒட்ட வைக்கத்தான் உப்பு. டார்க் ஷேடுக்கு லிட்டருக்கு 60 கிராம், கிலோ துணிக்கு ஆறு லிட்டர் குளியல் (துணி ஊறும் சாயத்தண்ணீர்) என்று வைத்தால், கிலோ துணிக்கு 360 கிராம் உப்பு. துணியில் ஒரு கிராம்கூடத் தங்காது. அத்தனையும் வடிகாலுக்குப் போகும். உயிரியல் தொட்டியில் பாக்டீரியா தின்னாது. மணல் வடிகட்டியில் நிற்காது. ஆர்.ஓ. அதை அழிக்காது, சுத்தத் தண்ணீரைப் பிரித்து எடுத்துவிட்டு உப்பை மிச்சத் தண்ணீரில் இறுக்கி வைக்கும், அவ்வளவுதான்.

அந்த மிச்சத்தை என்ன செய்வது என்பதில்தான் எல்லா நிலையங்களும் மாட்டிக்கொண்டன. கொதிக்க வைத்து ஆவியாக்கலாம். ஒற்றைக் கலத்தில் ஒரு டன் தண்ணீரை ஆவியாக்க ஒரு டன்னுக்கு மேல் நீராவி வேண்டும். ஒரு கலத்தின் ஆவி அடுத்த கலத்தைச் சூடாக்கும்படி நான்கு கலம் அடுக்கினால் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு நீராவியில் முடியும். அப்போதும் பாய்லர் விறகுச் செலவு சாயக்கூலியைத் தின்றுவிடும்.

அருள்புரம் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தாருக்கும், அங்கே முன்னின்று செய்து காட்டிய தமிழ்நாடு நீர் முதலீட்டு நிறுவனத்தின் பொறியாளர்களுக்கும் எங்கள் இரண்டாவது நன்றி. நீங்கள் கேட்ட கேள்வி எளிமையானது. ஆர்.ஓ. கழித்துத் தள்ளும் தண்ணீரில் லிட்டருக்கு 40, 50 கிராம் உப்பு இருக்கிறது. சாயக் குளியலுக்கு வேண்டியதும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். பிறகு ஏன் அதைக் கொதிக்க வைத்து, உப்பாக்கி, மூட்டை கட்டி, மறுபடி தண்ணீரில் கரைக்க வேண்டும்? நிறத்தையும் கடினத்தன்மையையும் நீக்கிவிட்டு உப்புக்கரைசலாகவே பட்டறைக்குத் திருப்பி அனுப்பினால் போதும். அப்படி ஆவியாக்கிக்குப் போகாமல் தப்பும் ஒவ்வொரு டேங்கரும் விறகில் மிச்சம். புதிய இயந்திரம் எதுவும் இல்லாத இந்த யோசனைதான் எங்கள் கணக்கு வழக்கையே மாற்றியது.

யோசனை எளிது, குளியலில் இறக்குவது எளிதல்ல. அங்கேதான் எங்கள் சாய மாஸ்டர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். புதிதாக இதைத் தொடங்கும் பட்டறைகளுக்கும் உதவும் என்பதால் விவரமாகவே எழுதுகிறோம்.

ஒரு தடவை சாயமேற்றும் துணி (லாட்) 500 கிலோ, 3,000 லிட்டர் குளியல், லிட்டருக்கு 60 கிராம் என்றால் 180 கிலோ உப்பு வேண்டும். கரைசல் லிட்டருக்கு 50 கிராம் என்று சீட்டில் இருக்கிறது. 3,000 லிட்டரும் கரைசலாகவே விட்டால் 150 கிலோ ஆயிற்று, 30 கிலோ மட்டும் மேலே போட்டால் போதும் என்று கணக்குப் போட்டவர்களுக்கெல்லாம் ஷேடு வெளிறிப்போனது. ஏனென்றால் சலவை முடிந்த துணி ஏற்கெனவே கிலோவுக்கு இரண்டு லிட்டருக்குக் குறையாமல் தண்ணீர் குடித்திருக்கிறது. அதுவே 1,000 லிட்டர். சாயம் கரைக்கவும் சாயத்தை நூலில் நிலைக்க வைக்கும் காரமான சோடா ஆஷ் கரைக்கவும் இன்னொரு 400 லிட்டர். மிஷினில் கரைசலுக்கு மிஞ்சும் இடம் 1,600 லிட்டர்தான். அதில் வருவது 80 கிலோ. மீதி 100 கிலோவை உலர் உப்பாகப் போட்டாக வேண்டும். அதே கரைசலை ஆவியாக்கியின் முதல் கலத்தில் கொஞ்சம் இறுக்கி லிட்டருக்கு 100 கிராமாக அனுப்பினால் 160 கிலோ அதிலேயே வந்துவிடும். மேலே 20 கிலோ போதும். ஆகவே டேங்கர் எத்தனை வருகிறது என்பதைவிட என்ன அடர்த்தியில் வருகிறது என்பதைத்தான் பட்டறை கேட்க வேண்டும். சூடான கரைசலில் ஹைட்ரோமீட்டரைப் போட்டால் அளவு குறைத்துக் காட்டும். ஆற வைத்துப் பாருங்கள்.

அடுத்தது பி.எச். சுத்திகரித்த கரைசலில் கார்பனேட்டும் பைகார்பனேட்டும் மிச்சம் இருக்கும். சாயம் நூலுக்குள் பரவுவதற்கு முன்பே இந்தக் காரம் அதைப் பிடித்து நிறுத்திவிடும். துணி திட்டுத் திட்டாக வரும். மாஸ்டர் சாயத்தைக் குறை சொல்வார், சாயக் கம்பெனி துணியைக் குறை சொல்லும். கரைசல் ஏற்றியதும் பி.எச். பார்த்து 6.5க்கும் 7க்கும் நடுவே கொண்டுவந்த பிறகே சாயம் விட வேண்டும். கந்தக அமிலம் போட்டால் நல்லது. ஹைட்ரோகுளோரிக் அமிலம் வேண்டாம். காரணம் பின்னால் வருகிறது.

மூன்றாவது, சாயம் விடும் முறை. பழைய பழக்கத்தில் சாயம் முதலில், உப்பு பிறகு, அதுவும் கால், கால், அரை என்று தவணையில். கரைசலில் உப்பு முதலிலேயே முழுதாக இருக்கிறது. அதில் சாயத்தை ஒரே வீச்சில் விட்டால் முதலில் தொட்ட துணி அத்தனையையும் உறிஞ்சிக்கொள்ளும். அரை மணி நேரத்துக்குச் சீராக, சொட்டுவது போல விட வேண்டும். சாயத்தைக் கரைப்பது மட்டும் உப்பில்லாத மென்னீரில்தான். அவசரத்துக்குக் கரைசலிலேயே கரைத்தால் சாயம் திரண்டு துணியில் புள்ளி விழும். டர்க்காய்ஸ் நீலத்துக்கு இந்த எச்சரிக்கை இரட்டிப்பு. லைட் ஷேடுக்குக் கரைசலே வேண்டாம் என்பது எங்கள் முடிவு. அதற்கு உப்பும் குறைவு, மிச்ச நிறத்தின் சாடை தெரியும் ஆபத்தும் அதிகம்.

கரைசலாகப் போகாத மிச்சத்தைக் குளிர்வித்துப் படிகமாக எடுக்கிறோம். நாங்கள் சாயத்துக்குப் போடும் உப்பான சோடியம் சல்பேட் 32 டிகிரியில் அதிகமாகக் கரையும், 5 டிகிரிக்கு இறக்கினால் படிகமாக விழுந்துவிடும். ஆனால் அந்தப் படிகத்தில் 56 சதவீதம் தண்ணீர். 180 கிலோ உலர் சல்பேட்டுக்குப் பதில் படிகம் போடுவதானால் 408 கிலோ போட வேண்டும். கடைப்பேச்சில் இரண்டையுமே கிளாபர் சால்ட் என்று சொல்லிவிடுவதால் இந்தத் தவறு திரும்பத் திரும்ப நடக்கிறது. மூட்டை மேல் எது என்று எழுதி அனுப்பத் தொடங்கிய கிடங்குக்காரர்களுக்கு ஒரு நன்றி.

இனி, உறுப்பினர் பட்டறைகள் தங்களுக்குள்ளேயே சொல்லிக்கொள்ள வேண்டிய நன்றி. எல்லோரும் சோடியம் சல்பேட் மட்டுமே வாங்குவது என்று கையெழுத்துப் போட்டோம். சாப்பாட்டு உப்பு விலை மலிவு. ஒரே ஒரு பட்டறை அதற்கு மாறினால் அவருக்கு லாபம், குளோரைடு எல்லோர் தலையிலும் ஏறும். படிகமாக்கியில் சல்பேட் விழும், குளோரைடு, படிகம் எடுத்த பின் மிஞ்சும் தாய்த்திரவத்திலேயே நின்றுவிடும். அதைத் திரும்பச் சுற்றில் விட விட அடர்த்தி ஏறி, கொதிநிலை உயர்ந்து, துருப்பிடிக்காத எஃகுக் குழாயிலும் ஊசிக்குத்துப் போல ஓட்டை விழும். கடைசியில் யாருக்கும் வேண்டாத கலப்பு உப்பாக வெளியே வரும்.

ஒப்பந்தம் போட்ட பிறகும் குளோரைடு இறங்காத நிலையங்கள் உண்டு. யாரும் ஏமாற்றியிருக்க வேண்டியதில்லை. மென்னீராக்கியைப் புதுப்பிக்க விடும் உப்புத் தண்ணியும், சலவைக்கு விடும் ஹைப்போவும் (குளோரின் வெளுப்பான்), பி.எச். இறக்க விடும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் குளோரைடு கொண்டுவருபவைதாம். ஆர்.ஓ. தண்ணீரே மென்னீர் என்பதால், அதைத் திரும்ப வாங்கும் பட்டறைக்கு மென்னீராக்கியின் வேலை வெகுவாகக் குறையும். அப்படியும் சிலர் போர்வெல் தண்ணீரை நடுவே கலக்கிறார்கள். அதிலுள்ள கால்சியம், கழிவுநீரின் சல்பேட்டோடு சேர்ந்து ஜிப்சமாக ஆர்.ஓ. சவ்வில் படியும். கார்பனேட் படிவு அமிலத்தில் கரையும், ஜிப்சம் கரையாது. பெரும்பாலும் மெம்பரேனை (அந்தச் சவ்வை) மாற்றத்தான் வேண்டும்.

நிலையக் கட்டணத்தை லிட்டர் கணக்கில் மட்டும் வாங்கினால், தண்ணீரைக் குறைத்து உப்பை இறுக்கி அனுப்புபவருக்குச் சலுகை கிடைத்துவிடும். லிட்டரோடு டி.டி.எஸ். (கரைந்த உப்பின் மொத்த அளவு) கிலோவையும் சேர்த்துக் கட்டணம் வைக்க ஒப்புக்கொண்டவர்களுக்கு, குறிப்பாக அதனால் பில் கூடிப்போன டார்க் ஷேடு பட்டறைகளுக்கு, இந்தக் கூட்டு கடன்பட்டிருக்கிறது. ஒவ்வொரு பட்டறைக் குழாயிலும் பாட்டில் பிடித்துக் குளோரைடு பார்க்கும் ஆய்வகப் பெண்களுக்கும் அப்படியே. உங்கள் சீட்டைப் பார்த்து முகம் சுளித்தவர்களை மன்னித்துவிடுங்கள்.

18 பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களுக்காக 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் தந்த தமிழ்நாடு அரசுக்கும், மூடிக்கிடந்த பட்டறைகளின் கடனுக்குத் தவணை மாற்றித் தந்த வங்கிகளுக்கும் நன்றி. சுத்திகரிப்புச் செலவைச் சாயக்கூலி பில்லில் தனிக் கட்டணமாகப் போட ஒத்துக்கொண்ட பனியன் கம்பெனிகளுக்கும் நன்றி. ஒத்துக்கொள்ளாதவர்களோடு பேச்சு நடக்கிறது.

நிலையத்தில் இரவு ஷிப்ட் பார்க்கும் ஆபரேட்டர்களைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். நிறம் நீக்க விடும் ஹைப்போவில் மிச்சக் குளோரின் துளி இருந்தாலும் ஆர்.ஓ. மெம்பரேன் கெட்டுவிடும். ஒரு பங்கு குளோரினுக்கு அதை முறிக்கும் மெட்டாபைசல்பைட் 1.34 பங்கு என்பது புத்தகக் கணக்கு. நீங்கள் மூன்று பங்கு விட்டு, மீட்டரை நம்பாமல் கையாலும் சோதித்துப் பார்க்கிறீர்கள். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் ஊரே காலியாகும்போது பாக்டீரியாவுக்குத் தீனி இருக்காது. அப்போது வெல்லப்பாகு ஊற்றிக் காற்று ஓட்டி உயிரோடு வைத்திருப்பவர்கள் நீங்கள். மெம்பரேனைச் சுத்தத் தண்ணீரில் அலசி ஒரு சதவீத மெட்டாபைசல்பைட்டில் ஊறப்போட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போகிறீர்கள்.

சல்பேட்டுக்கு மாறியதில் ஒரு விலையும் இருக்கிறது. காற்று நின்ற தொட்டியில் சல்பேட் ஹைட்ரஜன் சல்பைடாக மாறும். முதலில் அழுகின முட்டை நாற்றம் வரும். அளவு கூடினால் மூக்கு மரத்து நாற்றமே தெரியாது. நாற்றம் போய்விட்டது என்று உள்ளே இறங்குவதுதான் சாவு. சேகரிப்புத் தொட்டிக்குள் ஆள் இறங்கக் கூடாது, அடியில் சேர்ந்த சேற்றைப் பம்பாலேயே எடுக்க வேண்டும் என்று வேலையை நிறுத்திப் போராடிய தொழிலாளர்களுக்கு எங்கள் தனி நன்றி. அன்று நீங்கள் பிடிவாதம் பிடித்தது சரி.

விவசாயிகளுக்கு இன்னொரு வார்த்தை. உங்கள் கிணறுகளில் இறங்கிய உப்பு இன்னும் முழுதாகப் போகவில்லை. அதற்கு இந்த மடல் ஈடாகாது. இரவில் கள்ளத்தனமாகத் திறந்துவிடுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள் என்பதும் தெரியும். ஆற்றில் நிறம் பார்த்தால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குச் சொல்லுங்கள், எங்களுக்கும் சொல்லுங்கள்.

கலப்பு உப்புக்கு இன்னும் வழி பிறக்கவில்லை. மூட்டை மூட்டையாகக் கொட்டகையில் அடுக்கி வைத்திருக்கிறோம். ஒரு மழை உள்ளே இறங்கினால் அத்தனையும் கரைந்து பள்ளத்துக்கு ஓடிவிடும். ஐப்பசி மழைக்கு முன்னால் கூரைத் தகடுகளை மாற்றி, ஆணித் துளைகளை ஒவ்வொன்றாக அடைத்துக் கொடுத்த கொல்லர்களுக்கும் சித்தாள்களுக்கும் நன்றி. கூரை ஒழுகவில்லை.

இப்படிக்கு,
உறுப்பினர் சாயப்பட்டறைகள்,
திருப்பூர்