வண்ண அட்டையை நம்பி ஏமாறலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பொங்கலுக்கு முன் வீட்டுக்கு வண்ணம் பூசுவோர், மஞ்சள், சந்தனம் போன்ற வெம்மை நிறங்களா, நீலம், இளம்பச்சை போன்ற குளிர்ச்சி நிறங்களா என்பதைக் கடையில் நீட்டும் வண்ண அட்டையைப் பார்த்தே முடிவு செய்துவிடுகிறார்கள். அறையின் ஜன்னல் எந்தத் திசையில் இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை.

மதுரையில் எங்கள் வீட்டின் மேற்கு அறைக்கு இளமஞ்சள் அடித்தோம். அட்டையில் வெண்ணெய் போலிருந்த அந்த நிறம், மாலை 4 மணி வெயில் ஜன்னல் கம்பிகளின் வழியே சுவரில் விழுந்ததும், பழுத்த மாம்பழத் தோலாக மாறிக் கண்ணைக் கூசச் செய்தது. மிஞ்சிய வண்ணத்தை, ஆண்டின் பெரும்பகுதி நேர்வெயில் படாத வடக்கு அறைக்குப் பூசியபோது கச்சிதமாக அமைந்தது. இரவில் விளக்கும் நிறத்தை மாற்றும்: 2700 கெல்வின் (ஒளியின் நிறத்தைக் குறிக்கும் அளவு) பல்பு சாம்பல் சுவரில் மஞ்சளைக் கூட்டும், 6500 கெல்வின் டியூப்லைட் அதையே நீலமாகக் காட்டும்.

நீலம் அடித்தால் அறையின் சூடு குறையும் என்று சில கடைக்காரர்கள் சொல்வதும் சரியல்ல. அந்தக் குளிர்ச்சி கண்ணுக்கு மட்டுமே. புழுக்கம் குறைய மொட்டைமாடிக்கு வெள்ளை அடிப்பதுதான் (நம் வீடுகளில் பழைய பழக்கமும்கூட) உதவும்.

எனவே, வண்ண நிறுவனங்கள் சிறிய மாதிரி டப்பாக்களைச் சிற்றூர்க் கடைகளிலும் கிடைக்கச் செய்தால், சுவரில் 2 அடிச் சதுரம் பூசி, காலை, மாலை, இரவு என மூன்று வேளையும் பார்த்தபின் வாங்க இயலும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், மதுரை.