இம்பல்ஸ் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

பழைய டிஜிட்டல் ரிவெர்பின் (ஒலிக்கு எதிரொலி சேர்க்கும் கருவி) இம்பல்ஸ் பதிவை, அதாவது ஒரு சிறு ஒலித்துடிப்புக்கு அது தரும் எதிரொலியின் பதிவை, கணினியில் ஏற்றினால் அசல் கருவியே கைக்கு வந்த மாதிரி என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. 1978இல் வந்த லெக்சிகன் 224 என்ற ரிவெர்ப் கருவி தன் டிலேக்களின் (ஒலியைத் தாமதப்படுத்தும் பகுதிகள்) நீளத்தை ஓயாமல் லேசாக அசைத்துக்கொண்டே இருக்கும்; இம்பல்ஸோ அதில் ஒரு கணத்தைத்தான் பிடிக்கிறது. நீட்டிப் பாடிய ஸ்வரத்தின் எதிரொலி வால் அசைவற்று, தகரம் தட்டுவதுபோல் கேட்பது இதனால்தான். அசலின் அல்காரிதத்தையே (கணக்கீட்டு முறை) ஓட்டும் ப்ளகின் (ஒலிப்பதிவு மென்பொருளில் சேர்க்கும் துணைநிரல்) தேவலை.

அதையும் இன்சர்ட்டில் (குரல் தடத்துக்குள்ளேயே) போடாமல் செண்ட் வழியே (குரலின் ஒரு நகலைத் தனித் தடத்துக்கு அனுப்பி) விடுங்கள், மிக்ஸ் 100% வெட், அதாவது எதிரொலி மட்டும். 50%இல் விட்டால் நேரடிக் குரல் இரண்டாம் முறை கலந்து அளவு எகிறிவிடும். ப்ரீடிலே (எதிரொலி தொடங்குமுன் விடும் இடைவெளி) 30 மில்லிசெகண்ட். ரிவெர்புக்கு முன்பே 250 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ள தாழ்ந்த ஒலிகளை வெட்டுங்கள். மந்தமாக இருக்கிறதே என்று ட்ரெபிளை (உயர் அதிர்வெண் ஒலி) ஏற்றாதீர்கள்: அசலின் எதிரொலியே சுமார் 8 கிலோஹெர்ட்ஸோடு நின்றுவிடும்.

- ஒலிப்பதிவுத் துறை வாசகர்