நம்ம இந்தியானா டீம் பத்தி

மச்சான்,

அம்மாவுக்கு கண் ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுதுன்னு படிச்சப்பறம்தான் நிம்மதி. பதில் போட லேட் ஆயிடுச்சு, மன்னிச்சுக்க. நீ கேட்டிருந்தியே, நம்ம இந்தியானா யுனிவர்சிட்டியோட அமெரிக்கன் ஃபுட்பால் டீம் நிஜமாவே ஜெயிச்சுதான்னு. ஜெயிச்சுதுடா. 2024 சீசன்ல ஜெயிச்சது 11 மேட்ச், தோத்தது 2 தான்.

நாம ப்ளூமிங்டன்ல படிச்சப்ப மெமோரியல் ஸ்டேடியத்துல ஹாஃப் டைம்லயே பாதிப்பேர் கிளம்பிடுவாங்க, ஞாபகம் இருக்கா? 2023லயும் அதே நிலைமை, 3 ஜெயிச்சு 9 தோத்தாங்க. அதுக்கப்பறம்தான் ஜேம்ஸ் மேடிசன் யுனிவர்சிட்டில இருந்து கர்ட் சிக்னெட்டிய ஹெட் கோச்சா கொண்டுவந்தாங்க. வந்த புதுசுலயே "நான் ஜெயிக்கறவன், கூகுள் பண்ணிப் பாருங்க"ன்னு சொன்னாரு, எனக்கு அப்ப அந்தப் பேச்சு பிடிக்கல, ஆனா தேடிப் பார்த்தா மனுஷன் ஹெட் கோச்சா ஒரு சீசன்ல கூட ஜெயிச்சத விட அதிகமா தோத்ததே இல்ல. அலபாமா யுனிவர்சிட்டில பெரிய கோச் நிக் சேபன் கிட்ட இருந்த வேலைய விட்டுட்டு, அவங்க அப்பா கோச்சா இருந்த பென்சில்வேனியா காலேஜுக்குப் போய், ஒரு படி கீழ இருக்கற ரெண்டாவது டிவிஷன்ல இருந்து ஹெட் கோச்சா ஆரம்பிச்சவரு.

அவரு செஞ்சதுல பெரிய விஷயம்னு நான் நினைக்கறது, பழைய காலேஜ்ல இருந்து 13 பசங்கள கூடவே கூட்டிட்டு வந்ததுதான். எய்டன் ஃபிஷர், மிக்கைல் கமாரா, டி'ஏஞ்சலோ பாண்ட்ஸ், எலைஜா சராட் எல்லாம் அப்படி வந்தவங்க. அவரு என்ன எதிர்பார்ப்பாருன்னு தெரிஞ்ச பசங்க உள்ளயே இருந்ததால மத்தவங்களுக்கு தனியா சொல்லிக் குடுக்க வேண்டியிருக்கல, ட்ரான்ஸ்ஃபர் போர்ட்டல்ல, அதாவது காலேஜ் மாற நினைக்கற ப்ளேயர்ஸ் பேர் குடுக்கற லிஸ்ட்ல, ஆள் எடுக்கறவங்க எத்தனையோ பேர், இப்படி ஒரு பழக்கத்தையே தூக்கிட்டு வந்தவங்க கம்மி.

நெப்ராஸ்காவ 56-7ன்னு அடிச்சாங்க. மிச்சிகன் மேட்ச்சுக்கு நான் போயிருந்தேன், நீ விட்டுட்டுப் போன சிவப்பு ஜாக்கெட்தான் போட்டிருந்தேன். ரெண்டாவது பாதில நம்ம அஃபென்ஸ் நகரவே இல்ல, டிஃபென்ஸ்தான் பிடிச்சு நிறுத்துச்சு, 20-15ன்னு ஜெயிச்சோம். ஒரே சீசன்ல 10 ஜெயிக்கறது நம்ம காலேஜுக்கு அதுதான் முதல் தடவ. ஒருத்தர் கூட எழுந்து போகல மச்சான், எனக்கு தொண்டைய அடைச்சுடுச்சு.

ஓஹையோ ஸ்டேட் கிட்ட 38-15ன்னு தோத்தோம். பர்டியூவ 66-0ன்னு அடிச்சோம். அப்பறம் தேசிய சாம்பியன் யாருன்னு முடிவு பண்ற ப்ளேஆஃப்ல சவுத் பெண்ட் போய் நோட்ர டேம் கிட்ட 27-17ன்னு தோத்தோம். ஸ்கோர்ல நெருக்கமா தெரியும், ஆனா கடைசி நிமிஷங்கள்ல நமக்கு ரெண்டு டச்டவுன் வந்ததால அப்படி. அதுக்கு ரொம்ப முன்னாடியே, நாம வீசின பந்த அவங்க கோட்டுக்கு 2 யார்டு முன்னாடி அவங்க ஆள் பிடிச்சு இன்டர்செப்ட் பண்ணி, அடுத்த ப்ளேலயே ஜெரமையா லவ் 98 யார்டு ஓடிட்டான், அங்கயே மேட்ச் சாய்ஞ்சுடுச்சு. பலமான டீம்களோட அதிகம் ஆடாம ஜெயிச்சாங்க, லேசான ஷெட்யூல்னு சொன்னவங்க பேச்சுல கொஞ்சம் நியாயம் இருக்கு, அத ஒத்துக்கணும்.

ஆனா நம்ம க்வார்ட்டர்பேக், அதாவது பந்த வீசற ஆள், கர்ட்டிஸ் ரூர்க் சீசன் பூரா முட்டில லிகமென்ட் கிழிஞ்ச நிலைமைலதான் ஆடினான்னு சீசன் முடிஞ்சப்பறம்தான் தெரிஞ்சுது, அதப் படிச்சதுல இருந்து எனக்கு அவன் வீசின அந்த இன்டர்செப்ஷன் மேல இருந்த கோவமே போயிடுச்சு.

அம்மா தேறினதும் ஒரு வாரம் வா. ஜாக்கெட் அப்படியேதான் இருக்கு, வந்து வாங்கிக்க.