ஜெப ஐக்கியத்தின் ஆண்டறிக்கை

கிறிஸ்துவுக்குள் அன்பான சகோதர சகோதரிகளுக்கு ஸ்தோத்திரம். கர்த்தருடைய கிருபையால் நமது ஐக்கியம் இன்னோர் ஆண்டைக் கடந்திருக்கிறது. செயலாளரின் அறிக்கையைப் பொதுக்குழுவின் முன் பணிவுடன் வைக்கிறேன்.

வாராந்தரக் கூட்டம் தடையின்றி நடந்தது. உபவாச ஜெபமும் முழு இரவு ஜெபமும் வழக்கம்போல் நடந்தன. செயற்குழு தேவைப்பட்டபோதெல்லாம் கூடியது.

சென்ற பொதுக்குழு செயலாளரிடம் ஒப்படைத்தவை இரண்டு: வேதவாசிப்பு அட்டவணை, இணைத் திட்டம் (கூட்டத்துக்கு வராதவர்களை விசாரிக்க ஒவ்வொருவரிடமும் சிலரை ஒப்படைப்பது). இரண்டைப் பற்றியும் முணுமுணுப்பு எழுந்ததால் கொஞ்சம் விரிவாகவே சொல்லவேண்டியிருக்கிறது.

முந்தைய அட்டவணையில் நாளுக்கு 3 அதிகாரம், ஞாயிறு மட்டும் 5. வாரத்துக்கு 23, 52 வாரத்தில் 1,196. வேதாகமத்தின் 1,189 அதிகாரங்களும் அதற்குள் அடங்கிவிடும். கணக்கு சரிதான், வாசிக்கிறவர்கள்தான் தங்கவில்லை. 4-ஆம் வாரத்தில் இஸ்ரவேலரின் வழிபாட்டுக் கூடாரமான ஆசரிப்புக்கூடாரத்தின் முழக்கணக்கும் பலகைக்கணக்கும் வரும், 5-ஆம் வாரத்தில் பலிமுறைகள் நிறைந்த லேவியராகமம். அங்கேதான் பலர் நின்றார்கள். நான்கு நாள் காய்ச்சலில் படுத்தவருக்கு எழுந்திருக்கும்போது 12 அதிகாரம் கடன். கடன்பட்டவர் கடன் கொடுத்தவரைப் பார்க்கக் கூசுவதுபோல், அவர் வேதத்தைத் திறக்கவே கூசினார். விட்டவர் எவரும் விசுவாசம் இல்லாமல் விடவில்லை. பாக்கி ஏறியதால் விட்டார்கள்.

இந்த ஆண்டு புதிய ஏற்பாடு மட்டும். அதில் 260 அதிகாரங்கள். வாரத்துக்கு 5 நாள், நாளுக்கு ஒன்று என்றால் 52 வாரத்தில் சரியாக முடியும். மிச்சமுள்ள இரண்டு நாள் விட்டதைப் பிடிக்க. இரண்டுக்குமேல் விட்டுப்போனால், விட்டதை விட்டுவிட்டு இன்றைய தேதியில் வந்து நிற்கவேண்டும் என்பது விதி. "வேதத்தைக் குறைத்துவிட்டார்" என்ற பேச்சு என் காதுக்கும் வந்தது. குறைத்தது வேதத்தையல்ல, பாக்கியை. பழைய ஏற்பாட்டை இரண்டாம் ஆண்டிலும் மூன்றாம் ஆண்டிலும் பிரித்து வாசிப்பதாகத்தான் திட்டம்.

இனி இணைத் திட்டம். சபை கூடிவருதலை விட்டுவிடாமல் "ஒருவருக்கொருவர் புத்திசொல்லக்கடவோம்" என்கிறது எபிரெயர் 10:25. புத்திசொல்லுதல் என்றதும் நம் காதில் விழுவது கண்டிப்பு. மூலத்தில் உள்ள கிரேக்கச் சொல் பராகலேயோ. பக்கத்தில் அழைப்பது என்பது அதன் வேர்ப்பொருள். 2 கொரிந்தியர் 1:4-இல் அதே சொல்தான் ஆறுதல் என்று வருகிறது. தேற்றரவாளன் என்று பரிசுத்த ஆவியானவரை அழைக்கும் பெயரும் அதே வேரில் பிறந்தது. ஆகவே வராதவரைக் கடிந்துகொள்ள இந்த வசனத்தை எடுக்கிறவர்கள் அதைப் பாதியாகவே எடுக்கிறார்கள். "ஒருவருக்கொருவர்" என்றிருப்பதால் இது போதகர் ஒருவர் தலையில் கட்டிவிடும் வேலையும் அல்ல.

நடைமுறை இது. ஒருவருக்கு அதிகபட்சம் மூன்று பேர். எட்டுப் பேரைக் கொடுத்துப் பார்த்தோம். பெயரைப் படிப்பதோடு நின்றுபோனது. ஆண்களுக்கு ஆண்கள், பெண்களுக்குப் பெண்கள். ஒரு வாரம் வராவிட்டால் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டாம் வாரமும் வராவிட்டால் மூன்று நாளுக்குள் பேசுங்கள். ஒரு மாதம் கழித்துப் போனால், "இத்தனை நாள் யாரும் தேடவில்லையே" என்ற கசப்பையும் சேர்த்து ஆற்றவேண்டிவரும்.

பேசும்போது முதல் கேள்வி "ஏன் வரவில்லை?" என்று இருக்கக்கூடாது. 1 இராஜாக்கள் 19-ஐப் பாருங்கள். சூரைச்செடியின்கீழ்ச் சாகக் கேட்டுக்கொண்ட எலியா தீர்க்கதரிசிக்குத் தூதன் முதலில் சொன்னது, "எழுந்திருந்து போஜனம்பண்ணு." சாப்பாடு, தூக்கம், மறுபடி சாப்பாடு, 40 நாள் பயணம். அதற்குப் பிறகுதான் "எலியாவே, இங்கே உனக்கு என்ன காரியம்" என்ற கேள்வி. அதற்கும் பிறகு செய்ய ஒரு வேலையும், துணைக்கு எலிசாவும். நாமும் உடம்பு, தூக்கம், வேலை, வீடு என்றே தொடங்கவேண்டும். வசனம் ஒன்று போதும். ஜெபம் இரண்டு நிமிடத்துக்குள். "ஜெபிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு வருவதைவிட அங்கேயே ஜெபித்துவிடுவது நல்லது; வீட்டுக்கு வந்தால் மறந்துபோகும்.

துக்க வீட்டில் அதுவும் வேண்டாம். பிள்ளைகளையும் பறிகொடுத்த யோபுவின் சிநேகிதர் 7 நாள் இரவுபகல் பேசாமல் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை சரியாகவே செய்தார்கள். தவறு, வாய் திறந்தபோது ஆரம்பித்தது. வாரக்கணக்கில் தூக்கமும் பசியும் இல்லாதவரையும், வாழவே விருப்பமில்லை என்கிறவரையும் விசுவாசக்குறைவு என்று எண்ணவேண்டாம். கூடவே போய் மருத்துவரிடம் காட்டுங்கள், அன்றைக்கே. ஜெபக்குறிப்பு நோட்டில் பெயரும் தேவையும் மட்டும் எழுதுங்கள். காரணத்தை எழுதினால் அது அடுத்த வாரம் ஊர்ப்பேச்சாகிவிடும். அப்படி ஒருமுறை ஆனது. அந்தக் குடும்பம் இன்னும் திரும்பவில்லை. இந்த ஆண்டில் என்னை மிகவும் வருத்தியது அதுதான்.

இணைப்பொறுப்பு ஏற்றவர்களில் பலர் முதல் இரண்டு மாதத்தோடு நின்றுவிட்டார்கள் என்பதையும் பதிவு செய்யவேண்டியிருக்கிறது. நினைவூட்டியபோது, "அவர் எப்படியும் வரமாட்டார்" என்ற பதிலே அதிகம் கிடைத்தது. ஊழியப் பயணத்தில் பெர்கே ஊரிலிருந்து பாதியில் திரும்பிப்போன மாற்குவைப் பவுல் மறுபடி சேர்த்துக்கொள்ள மறுத்தார். பவுலின் உடன் ஊழியரான பர்னபா அவனைக் கூட்டிக்கொண்டு சீப்புரு தீவுக்குக் கப்பலேறினார். பர்னபா என்றாலே ஆறுதலின் மகன். பிற்காலத்தில் அதே பவுல், "மாற்குவை உன்னோடே கூட்டிக்கொண்டுவா, ஊழியத்தில் அவன் எனக்குப் பிரயோஜனமுள்ளவன்" என்று எழுதினார். நடுவில் கடந்தவை பல ஆண்டுகள். நாம் இரண்டு மாதத்தில் கைவிடுகிறோம்.

வரவுசெலவைப் பொருளாளர் வாசிப்பார். செலவு வரவுக்குள் அடங்கியது, சிறு கையிருப்பும் உண்டு. சந்தா பாக்கி நிறைய இருக்கிறது. வசதியிருந்தும் தராதவர்கள் தங்கள் மனச்சாட்சியைக் கேட்டுக்கொள்ளட்டும். ஆனால் பாக்கிக்காக வெட்கப்பட்டுக் கூட்டத்துக்கே வராமல் இருக்கிறவர்களும் உண்டு. லேவியராகமத்தில் நின்றவர்களின் கதைதான் இங்கேயும். அவர்களிடம் யாரும் நோட்டை நீட்டக்கூடாது என்று செயற்குழு முடிவு செய்திருக்கிறது. தயவுசெய்து வாருங்கள்.

இடம் தந்தவர்களுக்கும், பாட்டு நடத்தியவர்களுக்கும், நாற்காலி எடுத்துப்போட்ட வாலிபர்களுக்கும், தணிக்கை செய்த சகோதரருக்கும் நன்றி.

வரும் ஆண்டைப் பற்றி ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். வருகைப்பதிவைப் பார்த்து, இரண்டு வாரம் வராதவர் பெயரை எடுத்து, உரிய இணைக்கு அன்றைக்கே தெரிவிக்கும் வேலைக்கு வாரம் அரைமணி நேரம் போதும். ஆனால் 52 வாரமும் செய்யவேண்டும். செயலாளரே தனியாகச் செய்தால் அவர் ஊரில் இல்லாத வாரம் யாரும் தேடப்படுவதில்லை. இன்னும் இருவர் வேண்டும். நன்றாகப் பேசத் தெரிந்தவர்கள் வேண்டும் என்றில்லை, நோட்டை மறக்காமல் திறக்கிறவர்கள் போதும். இணைப் பட்டியல் வாசலருகே மேசைமேல் இருக்கிறது. சில பெயர்களுக்கு எதிரே இன்னும் யாரும் கையெழுத்திடவில்லை.

கர்த்தரின் பணியில்,
செயலாளர்