தொலைபேசியில் பேசத்தான் செய்தார்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். பிரிட்டனுக்குத் தருவதாகச் சொன்ன ஸ்கைபோல்ட் ஏவுகணையை அமெரிக்கா 1962-ல் கைவிட்ட விவகாரம் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையில், ‘இரு தரப்பும் தொலைபேசியில் ஒரு வார்த்தை பேசியிருந்தால் மனக்கசப்பே வந்திருக்காது’ என்று எழுதியிருந்தீர்கள். படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை.

பேசாமலா இருந்தார்கள்? 1962 நவம்பரிலேயே அமெரிக்கப் பாதுகாப்புச் செயலர் மக்னமாரா, பிரிட்டிஷ் தூதர் ஆர்ம்ஸ்பி-கோரிடம் திட்டம் கைவிடப்படலாம் என்று சொல்லிவிட்டார். லண்டனில் இருந்த பாதுகாப்பு அமைச்சர் தார்னிகிராஃப்டுடன் தொலைபேசியிலும் பேசினார். மாற்று ஏற்பாட்டை அமெரிக்காவே சொல்லும் என்று லண்டன் காத்திருந்தது. என்ன வேண்டும் என்று பிரிட்டன் கேட்கட்டும் என்று வாஷிங்டன் காத்திருந்தது. ஒரு மாதம் இப்படியே போனது. டிசம்பரில் லண்டன் வந்து இறங்கிய மக்னமாரா, ஐந்து சோதனைகளும் தோல்வி என்று விமான நிலையத்திலேயே நிருபர்களிடம் போட்டு உடைத்தார். பஹாமாஸ் தீவுகளின் நஸ்ஸாவில் இரு நாட்டுத் தலைவர்களும் சந்தித்து, பதிலாக நீர்மூழ்கிக் கப்பலிலிருந்து ஏவும் பொலாரிஸ் ஏவுகணையைத் தருவதாகச் சொல்லிச் சமாதானம் ஆன பிறகும், எங்கே தப்பு நடந்தது என்று ஆராய்ந்து ரகசிய அறிக்கை தரும்படி பேராசிரியர் நியூஸ்டாட்டைக் கேட்டார் அமெரிக்க அதிபர் கென்னடி. இதெல்லாம் உங்களுக்குத் தெரியாததல்ல. தெரிந்தும் ஏன் அந்த வரி?

நான் ஓர் ஏற்றுமதி நிறுவனத்தில் தட்டச்சராக இருந்தவன். தலைமை அலுவலகமும் கிளையும் போனிலேயே பேசி முடிப்பார்கள். அனுப்பச் சொன்னதாக இவர்கள், நிறுத்தச் சொன்னதாக அவர்கள். பேசியதை ஒரு வரி எழுதி அனுப்பிவிடலாமா என்று கேட்டால், “நமக்குள்ள எதுக்குய்யா கடிதம்?” என்பார்கள். பெட்டிகள் துறைமுகத்தில் மழையில் ஊறிக் கிடந்தபோது விளக்கம் கேட்டது என்னிடம்தான்.

உங்கள் இதழில் இது முதல் தடவையும் அல்ல. துருக்கிப் பிரதமர் இனோனுவுக்கு அமெரிக்க அதிபர் ஜான்சன் 1964-ல் எழுதிய கடிதத்தை, சைப்ரஸ் கட்டுரையில் அரை வரியில் முடித்தீர்கள். துருக்கி சைப்ரஸில் படை இறக்கி, அதனால் சோவியத் தலையிட்டால் நேட்டோ ராணுவக் கூட்டணி துணை வருமா என்று நட்பு நாட்டையே கலங்க வைத்த கடிதம் அது. 2010-ல் இரண்டரை லட்சம் அமெரிக்கத் தூதரகத் தந்திகள் கசிந்தபோது, யார் யாரைத் திட்டினார் என்று துணுக்குப் போட்டீர்கள். அப்போதும் எழுதினேன். பாராட்டியிருந்த இரண்டு வரியை மட்டும் பிரசுரித்து மற்றதை வெட்டிவிட்டீர்கள். வருத்தமாகத்தான் இருந்தது.

அடுத்த இதழில், கட்டுரை வந்த அதே பக்கத்தில், அந்த ஒரு வரிக்குத் திருத்தம் வெளியிடுங்கள். இந்தக் கடிதத்தில் எதை வெட்டினாலும் சரி, நவம்பரில் பேசியதைச் சொல்லும் பத்தியை மட்டும் விட்டுவையுங்கள்.

அன்புடன்,
நெடுநாள் சந்தாதாரர்,
திருச்சி