சாக்லேட் கிண்ணத்தைக் கீழே வைத்தவளுக்கு

பாப்பா,

வேட்டைச் சீட்டுப் பெட்டியை அடுத்த டீச்சரிடம் கொடுத்துவிட்டேன். ராஜினாமாக் கடிதம் ஏப்ரலிலேயே போய்விட்டது, அது உனக்கு அப்பா சொல்லியிருப்பார். கடைசி வேட்டையை மாநிலத் தேர்வுக்கு முந்தின வாரம் நடத்தி முடித்தேன். இந்த ஜூலை 4 வந்தால் அமெரிக்காவுக்கு 250 வயது என்று பள்ளிக்கூடம் முழுக்கத் தோரணமும் கொடியுமாக ஒரே அமளி. அந்தக் கூச்சலுக்கு நடுவே உன் ஞாபகம் வந்தது. கொஞ்சம் கோபத்தோடுதான் வந்தது.

வாட்ஸ்அப்பில் அனுப்பினால் நீலக் குறி விழும், பதிலுக்கு ஒரு கட்டைவிரல் வரும், அவ்வளவுதான். இங்கே எழுதினால் எழுத்துக்கூட்டியாவது படிப்பாய். சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு அழுதுகொண்டே போனதற்கு இந்தப் பயனாவது இருக்கட்டும். பெரியம்மாவும் படிப்பாள், படித்த கையோடு போன் செய்வாள். என்னிடம் படித்த பிள்ளைகளின் அம்மாக்கள் சிலருக்கும் இந்த வலைப்பூ தெரியும். அதனால் சில இடங்களில் வாயை மூடிக்கொள்வேன். எந்தப் பள்ளி, யார் வீட்டுப் பையன் என்பதெல்லாம் வராது. உனக்குத் தெரியும், போதும்.

வேட்டை என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்காக ஒரு பத்தி. நீ தாண்டிப் போய்விடு. வர்ஜீனியாவில் நான்காம் வகுப்புக்கு மாநில வரலாறு பாடம். ஜேம்ஸ்டவுனில் தொடங்கி யார்க்டவுன் வரை வருவதற்குள் ஒன்பது வயதுப் பிள்ளைகள் ஆங்கிலேயர் வந்து குடியேறின 1607-ஐயும் சுதந்திரம் அறிவித்த 1776-ஐயும் போட்டுக் குழப்பிக்கொள்வார்கள். உட்காரவைத்து ஒப்பிக்கச் சொன்னால் ஜன்னல் பக்கம் பார்ப்பார்கள். அதனால் திருப்புதலைப் புதையல் வேட்டையாக்கினேன். நாலு நாலு பேராகக் குழு. சீட்டில் ஒரு கேள்வி இருக்கும், விடை தெரிந்தால்தான் அடுத்த சீட்டு எங்கே என்று பிடிபடும். சீட்டைக் கண்டுபிடித்து விடையும் சொன்னவருக்கு ஒரு சாக்லேட். வர்ஜீனியாவில் குடியேறிய ஜான் ரோல்ஃப் பயிரிட்ட புகையிலைக்குப் பிரிஞ்சி இலை ஒட்டியிருப்பேன், வகுப்பு முழுக்கப் பிரியாணி வாசம் அடிக்கும். ரோனோக் தீவுக்குக் கதவு நிலையில் பென்சிலால் கீறிய ஒரே ஒரு சொல். குடியேற வந்த நூற்றுக்கும் மேற்பட்ட ஆட்களை அங்கே விட்டுவிட்டு 1587-இல் இங்கிலாந்து போன ஜான் ஒயிட், 1590-இல் திரும்பி வந்தபோது அவருக்குக் கிடைத்ததும் அதுதான். ஆள் அரவமே இல்லை, கம்பத்தில் ‘குரோட்டோவன்’ என்று பக்கத்துத் தீவின் பெயரைச் செதுக்கியிருந்தது. பாஸ்டனில் பிரிட்டிஷ் வரியை எதிர்த்துத் தேயிலையைக் கடலில் கொட்டின கதைக்கு அலமாரிக் கைப்பிடியில் ஒரு டீ பை தொங்கும். கடலில் கொட்டியது 342 பெட்டி. அது அஸ்ஸாம் தேயிலை என்று வருடா வருடம் நம் ஊர் அப்பா யாராவது பெருமையாகச் சொல்வார். 1773-இல் அஸ்ஸாமில் தேயிலைத் தோட்டமே கிடையாது, அத்தனையும் சீனத்துச் சரக்கு.

சரி, நீ வா.

பிரிட்டிஷ் தளபதி கார்ன்வாலிஸைப் பற்றின சீட்டு இன்னும் இருக்கிறது. அந்தக் கோடை விடுமுறையில் பாட்டி வீட்டிலிருந்து கோட்டை அருங்காட்சியகத்துக்குப் போனோமே, திரும்பி வந்து நீ எழுதினது. ஊதா ஸ்கெட்ச் பேனா. “சரணடையும் நாளில் உடம்பு சரியில்லை என்று வேறு ஆளை அனுப்பினவர் யார்? அப்புறம் அவர் எங்கள் பாட்டி ஊருக்குப் போனார்!” 1781 அக்டோபர் 19, யார்க்டவுன், பிரிட்டிஷ் படை சரணடைந்த நாள். அவர் அந்த இடத்துக்கு வரவே இல்லை, ஓஹாரா என்ற தளபதியிடம் வாளைக் கொடுத்து அனுப்பினார். இங்கே தோற்ற மனிதருக்கு அங்கே கவர்னர் ஜெனரல் பதவி கொடுத்தார்கள். திப்புவோடு சண்டை போட 1790 முடிவில் சென்னைக்கே வந்தார், ஜெயித்தார், சிலையாக நின்றுவிட்டார். உன் சீட்டு தேர்வுக்கு உதவாது என்று முதலில் எடுத்து வைத்தேன். நீ முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டாய். அடுத்த வருடத்திலிருந்து சேர்த்துக்கொண்டேன், அதைக் கண்டுபிடிக்கிற பிள்ளைகள்தான் அதிகம் சிரிப்பார்கள்.

அந்தச் சிலையின் பீடத்தைச் சுற்றி நீ வந்ததும் நினைவிருக்கிறது. பணயமாக ஒப்படைக்கப்படும் திப்புவின் இரண்டு பிள்ளைகளைச் செதுக்கியிருப்பார்கள். “இந்தப் பசங்களை எதுக்கும்மா குடுக்கறாங்க?” என்று கேட்டாய். ஒப்பந்தம், அப்படித்தான் என்றேன். “அவங்க பேரு என்ன?” எனக்குத் தெரியவில்லை. ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்துப் பேச்சை மாற்றினேன். பெயர் கேட்கிற வழக்கம் உனக்கு எங்கிருந்து வந்ததோ, என்னிடமிருந்து இல்லை.

அந்த மே மாதத்துக்கு வருகிறேன். கல்லூரி மூடி நீ வீட்டுக்கு வந்திருந்தாய். ஒரு கை உதவிக்குக் கூப்பிட்டேன், சாக்லேட் கிண்ணத்தைக் கையில் கொடுத்துப் பின்னால் நிற்கச் சொன்னேன். பதினோராவது சீட்டு தண்ணீர் பாட்டில் கூடைக்கு அடியில். அதில் என்ன எழுதியிருந்தது என்று நான் யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை, இன்றைக்குச் சொல்கிறேன். “1619 ஆகஸ்ட் கடைசியில் ஒயிட் லயன் என்ற கப்பல் பாயின்ட் கம்ஃபர்ட் கரைக்கு வந்தது. அதில் இருந்தவர்கள் யார்? அவர்களுக்கு ஈடாகக் கப்பல்காரர் வாங்கிக்கொண்டது என்ன?” விடை: அங்கோலாவிலிருந்து பிடித்து வரப்பட்ட, இருபதுக்குச் சற்று மேற்பட்ட ஆப்பிரிக்கர்கள். வாங்கிக்கொண்டது உணவுப் பொருள். ஆகவே அடுத்த சீட்டு நொறுக்குத்தீனி அலமாரியில்.

எழுதிப் பார்க்கும்போது எப்படி இருக்கிறது என்று எனக்கும் தெரிகிறது. ஆனால் நான் அதை அப்படி யோசித்து வைக்கவில்லை. ஆட்களைக் கொடுத்துத் தீனி வாங்கினார்கள் என்பது ஒன்பது வயது மண்டையில் ஏறவேண்டும், ஏறினால் இறங்கக் கூடாது என்றுதான் வைத்தேன். ஏறவும் செய்தது. முந்தைய வருடங்களில் படித்த ஒருத்தி உயர்நிலைப் பள்ளிக்குப் போன பிறகு கடையில் பார்த்தபோது ‘ஒயிட் லயன்’ என்று தானாகச் சொன்னாள்.

அன்றைக்கு அந்தச் சீட்டை ஒரு பையன் கண்டுபிடித்தான். நாற்காலி மேல் ஏறி, சீட்டைத் தலைக்கு மேல் ஆட்டி, “கிடைச்சுடுச்சு, கிடைச்சுடுச்சு!” என்று கத்தினான். அவன் குழு கைதட்டியது. உரக்கப் படித்தான், விடையும் சரியாகச் சொன்னான், அலமாரியை நோக்கி ஓட இறங்கினான். வகுப்பில் அவனைத் தவிர வேறு கறுப்பினப் பிள்ளை அந்த வருடம் இல்லை. இதற்கு மேல் அவனைப் பற்றி எழுதமாட்டேன்.

நீ கிண்ணத்தைக் கீழே வைத்தாய். சத்தமே இல்லாமல் என் மேஜை மேல், விடைத்தாள் கட்டுக்குப் பக்கத்தில். “ஒரு நிமிஷம் எல்லாரும் உட்காருங்க” என்றாய். என் வகுப்பில், என்னைக் கேட்காமல். “இது ஜெயிக்கிற சீட்டு இல்ல. அந்தக் கப்பல்ல வந்தவங்க பேரு யாருக்காவது தெரியுமா?” ஒருவரும் பேசவில்லை. அவன் சீட்டைப் பிடித்தபடி நின்றான். கொஞ்சம் பொறுத்துக் கேட்டான்: “அப்போ என் சாக்லேட்?”

பாப்பா, நீ அதற்குப் பதில் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. மணி அடித்துவிட்டது.

எனக்கு உன்மேல் இன்னும் தீராத ஆத்திரம் அதில்தான். அவன் முகம் வாடியது என் சீட்டைப் படித்தபோது இல்லை. படித்தபோது அவன் ஜெயித்திருந்தான். நீ பேசின பிறகுதான் எல்லாத் தலையும் அவன் பக்கம் திரும்பியது. பெயர் தெரியுமா என்று கேட்டாயே, எனக்குத் தெரியும். அந்தக் கப்பலில் வந்ததாகக் கருதப்படுகிற ஆந்தனி, இசபெல்லா, இங்கே பிறந்த அவர்கள் குழந்தை வில்லியம், இன்னொரு கப்பலில் வந்த அஞ்சலா, எல்லாரும் 1625 கணக்கெடுப்பில் இருக்கிறார்கள். அஞ்சலா இருந்த இடத்தை ஜேம்ஸ்டவுனில் தோண்டிக்கொண்டிருந்ததை நாம் சேர்ந்துதான் நின்று பார்த்தோம். என்னைக் கேட்டிருந்தால் கரும்பலகையில் எழுதியிருப்பேன். நீ பிள்ளைகளைக் கேட்டாய்.

இன்னொன்றும் கேட்கிறேன். ஜேம்ஸ்டவுனின் 1609 குளிர்காலப் பட்டினிக்கு நான் வைத்தது காலி மதிய உணவு டப்பா. திறந்தால் உள்ளே சீட்டு மட்டும். கோட்டைக்குள் இருந்த சுமார் 300 பேரில் 60 பேர்தான் பிழைத்தார்கள். குதிரை, நாய், எலி எல்லாம் தின்று தீர்ந்த பிறகு செத்த மனிதரையும் தின்றார்கள். அதற்குச் சாட்சியாக 14 வயதுப் பெண் ஒருத்தியின் எலும்பு 2012-இல் கிடைத்தது. அந்த டப்பாச் சீட்டுக்கு நீ சிரித்தாய். பிள்ளைகளோடு சேர்ந்து நன்றாகவே சிரித்தாய். ஒரு சாவுக்குச் சிரிக்கலாம், இன்னொன்றுக்குக் கூடாது என்றால் கோடு எங்கே என்று நீதான் சொல்லவேண்டும். உனக்குப் பதில் இருக்கும், எனக்கும் பாதி தெரியும். பட்டினி கிடந்தவர்களின் பேரப்பிள்ளைகளை அதற்காக யாரும் விலைக்கு வாங்கவில்லை, இல்லையா. ஆனாலும் நீ சொல்லிக் கேட்கவேண்டும்.

பள்ளியில் அப்புறம் நடந்ததைப் பற்றி அதிகம் எழுதுவதற்கில்லை. இரண்டு மின்னஞ்சல் வந்தன. ஒன்று, இதையெல்லாம் விளையாட்டாக்கலாமா என்று. இன்னொன்று, கல்லூரிப் பெண் வந்து வகுப்பில் ஏன் அரசியல் பேசினாள் என்று. இரண்டுக்கும் நான்தான் பதில் சொன்னேன், ஒரே அறையில், ஒரே நாற்காலியில் உட்கார்ந்து. அது 2022. பிளவு உண்டாக்கும் கருத்துகளை வகுப்பில் கொண்டுவரக் கூடாது என்று புது ஆளுநர் ஜனவரியில் பதவியேற்ற அன்றே ஆணை போட்டிருந்தார். பெற்றோர் புகார் அனுப்பத் தனி மின்னஞ்சல் முகவரியும் அறிவித்திருந்தார்கள். யாரையும் நான் குறை சொல்லவில்லை. என் உச்சரிப்பை வைத்தே ‘நீங்கள் எந்த ஊர்?’ என்று கேட்கிற பெற்றோர் இருக்கும் இடத்தில், அவர்கள் மாநில வரலாற்றை அவர்கள் பிள்ளைக்கு நான் சொல்லித் தருகிறேன். நான் ஒவ்வொரு வார்த்தையையும் எடைபோட்டுத்தான் பேசவேண்டியிருந்தது. நீ இங்கே பிறந்தவள், உனக்கு அந்தத் தராசு தேவைப்படவில்லை. அதை நினைத்தால் பெருமையாகவும் இருக்கிறது, எரிச்சலாகவும் இருக்கிறது.

அன்றைக்கு வீடு திரும்பும்போது காரில் நான் சொன்ன வாக்கியத்துக்கு வருகிறேன். ‘நீ பெரிய நியாயம் பேசுறதுக்கு ஃபீஸ் கட்டுறது இந்த விளையாட்டுதான்’ என்றேன். பயத்தில் வந்த பேச்சு அது, வேலை போய்விடுமோ என்ற பயம். பணத்தைச் சொல்லிக் காட்டியிருக்கக் கூடாது. மன்னித்துக்கொள். நீ சிக்னலில் இறங்கி நடந்தே வீட்டுக்கு வந்ததற்கும், மழையில் நனைந்ததற்கும் சேர்த்து. ஆனால் வேட்டைக்கு மன்னிப்புக் கேட்கமாட்டேன், அதை இதோடு சேர்த்துவிடாதே.

அதன் பிறகு பதினோராவது சீட்டு கிடையாது. உன்னிடம் சொல்லவில்லை, சொன்னால் நீ ஜெயித்ததாகிவிடும் என்று வைத்துக்கொள். 1619-ஐ வேட்டைக்கு முந்தின நாள் தரையில் வட்டமாக உட்கார்ந்து பேசுவோம். கேள்வி, சாக்லேட் இரண்டும் இல்லை. நாலு பெயரையும் பலகையில் எழுதி, தேர்வு முடியும்வரை அழிக்காமல் வைத்திருப்பேன். அந்த நாள் சுலபமாகப் போனதே இல்லை. ஒரு பிள்ளை வில்லியமுக்கு என்ன வயது, அவன் அம்மா அவனை வைத்துக்கொள்ள முடிந்ததா என்று கேட்டது. இன்னொன்று கொட்டாவி விட்டது. அடுத்த நாள் வேட்டையில் பத்துக்கு அப்புறம் பன்னிரண்டு வரும். எண் விட்டுப்போச்சு டீச்சர் என்று யாராவது சொல்வார்கள், அது நேற்றே முடிந்துவிட்டது என்பேன். புது எண் போட்டிருக்கலாம். போடவில்லை.

நீ வேலை பார்க்கிற அருங்காட்சியகத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தேடல் தாள் கொடுக்கிறீர்களாம், அப்பா சொன்னார். கூடம் கூடமாக ஓடிக் கண்டுபிடித்தால் ஸ்டிக்கராம். கேட்டதும் வாய்விட்டுச் சிரித்தேன். அப்புறம், அந்தத் தாளில் எதையெல்லாம் தேடச் சொல்கிறாய், எதை விட்டாய் என்று தெரிந்துகொள்ளவேண்டும் போல இருந்தது. போன் எடுத்தேன், போடவில்லை.

பெட்டியை வாங்கிக்கொண்ட டீச்சருக்கு உன் வயதுதான் இருக்கும். நார்ஃபோக் பக்கத்துப் பெண். சீட்டுகளை மேஜையில் பரப்பி ஒவ்வொன்றாகப் பார்த்தாள், உன் ஊதா எழுத்துச் சீட்டைப் பார்த்ததும் சிரித்தாள். அப்புறம் பதினொன்று எங்கே என்று கேட்டாள். நடந்ததைச் சொன்னேன், ஏறக்குறைய முழுசும். “உங்க பொண்ணுகிட்ட நான் பேசலாமா? அடுத்த வருஷம் அந்த நாளை எப்படி நடத்துறதுன்னு கேக்கணும்” என்றாள். பதினெட்டு வருஷமாக நடத்தினவள் நான் எதிரே உட்கார்ந்திருக்கிறேன், உன்னைக் கேட்கவேண்டுமாம்.

உன் நம்பரைக் கொடுக்கட்டுமா? ஆகஸ்டில் அவளுக்குப் பள்ளி திறக்கிறது, அதற்குள் சொன்னால் போதும். வேண்டாம் என்றாலும் சொல்லிவிடு, நானே உட்கார்ந்து அவளுக்கு எழுதிக் கொடுக்கிறேன்.

அம்மா